ஒன்பதாவது மாற்றம்

"இங்கதானே வைக்கணும்?" என்று கேட்ட பெட்டிக்காரர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குளிர்ப்பெட்டியின் முன்பக்கம் அவர் கையில், பின்பக்கம் இன்னும் இரண்டு பேர் கையில். கூடத்துத் தரையில் நீல நிற ஒட்டுநாடாவால் நீளமாக ஒரு கட்டம் போட்டிருந்தது. எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம். அதைப் பார்த்ததும் அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. "பரவாயில்லையே, அளவெடுத்து வச்சிருக்காங்க," என்று பின்னால் இருந்தவர்களிடம் சொன்னார். மூன்று பேருமாகப் பெட்டியைக் கட்டத்துக்குள் இறக்கினார்கள். எந்தப் பக்கமும் கோட்டை மிதிக்காமல் கச்சிதமாக உட்கார்ந்தது.

'அங்க வேண்டாம்' என்று சொல்லத் தபாலம்மா வாயெடுத்தாள். அதற்குள் பெட்டிக்காரர் சுவரோரம் குனிந்துவிட்டார். அங்கே கனத்த பிளக் பாயின்ட் ஒன்று தனியாக இருந்தது. அதில் ஏற்கெனவே ஒரு ஒயர் செருகியிருந்தது. "இது எதுக்கு?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் பெட்டியின் ஒயரைச் செருகினார். பெட்டி உறுமத் தொடங்கியது. பிறகு உள்ளறையிலிருந்து அவளுடைய கணவரைத் தூக்கி வந்து படுக்கவைத்து, கண்ணாடி மூடியைப் போட்டார்கள். அப்போது காலை மணி ஒன்பது இருக்கும்.

அது மீன்களுக்காக ஒதுக்கிய இடம். மீன்களுக்கும் பவழத்துக்கும்.

அந்த அடுக்குமாடியில் அவளை எல்லோரும் தபாலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தபால் அலுவலகக் கவுன்ட்டரில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவள். வலது தோள் அங்கேயே தேய்ந்துபோயிற்று. அவள் கணவருக்கு ஸ்கேல்காரர் என்று பெயர். சட்டைப் பையில் ஆறங்குல ஸ்கேல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பொறியியல் அலுவலகம் ஒன்றில் வரைவாளர். முப்பத்தெட்டு வருஷமாக அவர் வரைந்ததெல்லாம் சாக்கடையும் மழைநீர்க் கால்வாயும்தான். "வாழ்க்கை பூரா தண்ணியை வெளிய தள்ளவே வரைஞ்சிட்டேன். ஒரு தடவையாவது உள்ள நிக்க வைக்கணும்," என்பார்.

ஓய்வு பெற்ற மாதத்தில் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. புதுசு வெட்டி வாங்கிவரக் கண்ணாடிக் கடைக்குப் போனவர் மூன்று மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். கடையின் பின்பக்கம் கடைக்காரர் பெரிய தொட்டி ஒன்று வைத்திருந்தாராம். உப்புத் தண்ணீர், அதற்குள் பாறை, பாறையின் மேல் பூ மாதிரி விரிந்து மூடுகிற உயிர்கள். சொல்லிக்கொண்டே இருந்தார். திறந்த ஜன்னல் வழியாக மழை உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. "முதல்ல அந்தத் தண்ணியைத் தடுக்க வழி பண்ணுங்க," என்றாள் தபாலம்மா.

அன்றிலிருந்து இரண்டு வருஷம். கூடத்தின் நடுச்சுவரை ஒட்டி வைக்க ஒரு தொட்டி. அளவைத் தரையில் ஒட்டுநாடாவால் ஒட்டினார். "நாளைக்கு வரப்போற தொட்டிக்கு இன்னிக்கே பழகிக்கணும்," என்று சொல்லி, அந்தக் கட்டத்துக்குள் யாரையும் கால் வைக்க விடவில்லை. தண்ணீர்ச் சொம்போடு குறுக்கே போனால், "மீன் மேல நடக்குற," என்பார். கோபத்தில் அவரோடு பேசாமல் இருந்த நாட்களில்கூட அவள் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். கால் அப்படிப் பழகிவிட்டது.

இன்றைக்கு வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? மாலையோடு வந்து, கோட்டின் மேலேயே நின்று, கண்ணாடி வழியாக முகம் பார்த்து, நகர்ந்தார்கள். அவருடைய பழைய அலுவலகத்துக்காரர் ஒருவர் ஒட்டுநாடாவைப் பார்த்தார். "கடைசி வரைக்கும் கோடு போடறதை விடல," என்று சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதுவிட்டார்.

தபாலம்மாவுக்கு அழுகை வரவில்லை. பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி அத்தனை சத்தம் போட்டும் வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைகிற மாதிரி இருந்தது. எது என்று பிடிபடவில்லை. அவருடைய மூச்சுச் சத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினாள், விழித்தாள், சமைத்தாள்.

நடுப்பகலில் மகள் வந்து சேர்ந்தாள். பையைக்கூட இறக்காமல் பெட்டியின் மேல் கவிழ்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை மணிக்கும்மா?"

"அஞ்சரை. வெந்நீர் வைக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள."

"ஏதாவது சொன்னாரா?"

தபாலம்மா இல்லை என்று தலையசைத்தாள். நேற்றுச் சாயங்காலம் சொன்னதுதான் கடைசி. அதை எப்படிச் சொல்வது? பெற்றவரின் கடைசி வார்த்தை என்று மகள் எதையோ எதிர்பார்த்துக் கேட்கிறாள். அவர் கேட்டது பக்கெட்டைப் பற்றி.

பால்கனியில் ஒரு பெரிய பக்கெட் இருந்தது. தொட்டி வருவதற்குள் கை பழகட்டும் என்று கண்ணாடிக்காரர் கொடுத்த ஒரு துண்டுப் பாறை அதில் உப்புத் தண்ணீரில் கிடந்தது. சின்ன பம்பு ஒன்று தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பக்கெட்டின் உள்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருந்தார். வெயிலில் தண்ணீர் குறையும், உப்பு குறையாது, அதனால் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் உப்பு ஏறிப் பாறையில் இருப்பதெல்லாம் செத்துவிடும். என்ன இருக்கிறது பாறையில் என்று அவள் கேட்டதற்குப் பதிலாக மூன்றாவது வாரம் ஒரு பொட்டுத் துளையிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. நகத்தளவு. சின்ன இறகுக் குஞ்சம் மாதிரி விரிந்து, நிழல் பட்டால் விருட்டென்று உள்ளே போய்விடும். அவர் வாசல் வரை போய்க் கூவி அவளை அழைத்துவந்து காட்டினார். "வாடகை இல்லாம ஒருத்தர் குடி வந்திருக்கார் பாரு." அதிலிருந்து அதற்குக் குடித்தனக்காரர் என்றே பெயர்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு தண்ணீர் ஊற்றுகிற வேலை அவளுக்கு வந்தது. நேற்றுச் சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்தார்.

"தண்ணி கோடு வரைக்கும் இருக்கா?"

"இருக்கு," என்றாள். போய்ப் பார்க்கவில்லை. மடிக்க வேண்டிய துணி நிறைய இருந்தது.

அதுவாவது போகட்டும், சின்னப் பொய். நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது வேறொன்று. இருபத்துமூன்று நாளைக்கு முன்னால் அவள் சொன்ன சொல்.

அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, எட்டாவது முறையாக மாற்றிய வரைபடத்தை விரித்தார். அவருடைய வரைபடங்களில் எப்போதும் வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். எத்தனையாவது மாற்றம், என்ன காரணம் என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார். மாற்றம் 3, காரணம்: சமையலறைக் கதவு முழுக்கத் திறக்கவில்லை. மாற்றம் 6, காரணம்: கீழ்வீட்டுக்காரர் பயம். கீழ்வீட்டுக்காரர் உண்மையிலேயே பயந்துதான் போயிருந்தார். இரண்டு டன் எடை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அண்ணே, உங்க கடல் என் கட்டில்ல வந்து விழுந்துடாதே?" என்று மாடியேறி வந்து கேட்டுவிட்டுப் போனார். அதற்காக முழுத் தொட்டியையும் உத்தரத்துக்கு நேர் மேலே நகர்த்தினார் ஸ்கேல்காரர்.

"எட்டாவது மாத்தத்தோட முடிஞ்சுது. இனி கண்ணாடி வெட்டச் சொல்லிடலாம்," என்றார் அன்றைக்கு. "தண்ணி ரொப்பி ஆறு வாரம் சும்மா விடணும். மீனை அதுக்கப்புறம்தான் விடணும். ரெண்டு மாசத்துல..."

அன்று காலையில்தான் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு மாதமெல்லாம் இல்லை என்று சொல்லியிருந்தார். அதை வயிற்றில் வைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டும் மிக்சியில் அரைத்த கஞ்சியுமாக நின்றவளுக்கு என்ன தோன்றியதோ.

"நீங்க போனப்புறம் இதை யாரு கட்டிக்கிட்டு அழறது?"

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து விழுந்ததை அள்ள முடியுமா? இந்த வீட்டில் அதுவரை யாரும் 'போனப்புறம்' என்று பேசியதில்லை. அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், ஆனால் பேசியதில்லை. அவர் வரைபடத்தைப் பொறுமையாகச் சுருட்டினார்.

"சரியான கேள்விதான்," என்றார்.

அதன்பிறகு தொட்டி என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. இரண்டு வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில்கூட ஓயாத பேச்சு, அன்றோடு நின்றது. அவள் மன்னிப்புக் கேட்க மூன்று தடவை போனாள். இரண்டு தடவை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை, "அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தவுடனே குறுக்கே பேசினார்.

"அது கெடக்கட்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல என் பேனா விழுந்துடுச்சு. கையை விட்டு எடேன்."

விட்டாள். தோள் இடித்தது.

"வலது வேண்டாம். இடது கையை விடு. தரை தட்டுதா?"

"தட்டலை."

"விரல் நுனிகூடவா?"

"இல்லைங்க. பேனாவே இல்லை அங்க. உங்க சட்டைப் பையில இருக்கு பாருங்க."

அவர் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அட, ஆமா," என்றார். இன்னொரு நாள் பக்கெட்டின் அடிவரை கையை விட்டுப் பாசி பிடித்திருக்கிறதா பார்த்து வரச் சொன்னார். பார்த்து வந்ததும் ஈரம் எதுவரை என்று கேட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முக்காலியில் ஏறினால் முழங்கால் வலிக்கிறதா என்று ஒருநாள் கேட்டார். பக்கெட்டுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால், இவ்வளவு நேரமா என்பது போலக் கடிகாரத்தைப் பார்ப்பது. மருந்து மூளையைக் குழப்புகிறது என்று அவள் முடிவு கட்டினாள். அந்தக் குழப்பத்துக்குள்ளும் தான் சொன்ன சொல் முள்ளாக உட்கார்ந்திருக்கும் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. முப்பத்துநாலு வருஷம் கூட வாழ்ந்துவிட்டு, கடைசியில் ஒரு மனுஷனின் ஆசையில் மண்ணைப் போட்டாயிற்று. அவர் அந்த வருத்தத்தோடே போய்விட்டார். இனி யாரிடம் போய்க் கேட்பது?

நான்கு மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெட்டிக்காரர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கூடத்தில் நாற்காலிகளும், உதிர்ந்த பூவிதழ்களும், நடுவில் நீலக் கட்டமும் மிஞ்சின. ஒரு மூலையில் ஒட்டுநாடா யார் காலிலோ பட்டுக் கிழிந்து சுருண்டிருந்தது. மகள் துடைப்பத்தோடு வந்தாள்.

"இதை எடுத்துடலாமாம்மா?"

"இருக்கட்டும்."

"பாக்கப் பாக்கக் கஷ்டமா இருக்கும்மா. நீ கொஞ்ச நாள் என்கூட வந்து இரேன்."

"இருக்கட்டும்னேனே," என்றாள் தபாலம்மா.

மகள் கோட்டுக்குள் இருந்த இதழ்களை மட்டும் கூட்டி எடுத்துவிட்டு டீ போடப் போனாள். கீழ்வீட்டுக்காரர் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஓடியாடியவர் அவர்தான்.

அப்போது வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். உள்ளங்கைகளில் பழைய வெட்டுத் தழும்புகள், கக்கத்தில் ஒரு காகிதச் சுருள். கண்ணாடிக்காரர். உள்ளே வந்தவர் கூடத்தின் குறுக்கே நடக்காமல், கட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தார். நாள் முழுக்க வந்தவர்களில் அப்படி வந்தவர் அவர் ஒருவர்தான். தபாலம்மா அதைப் பார்த்தாள்.

"சாயங்காலம்தான்மா தகவல் தெரிஞ்சுது. கடையைப் பூட்டிட்டு ஓடியாந்தேன். முகம் பாக்கக் கொடுத்து வைக்கல," என்றார்.

அவள் உட்காரச் சொன்னாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுருளை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தார். மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

கேட்டுவிடுவது என்று தபாலம்மா தீர்மானித்தாள். இவரைவிட்டால் வேறு யாரும் இல்லை.

"தொட்டி வேண்டாம்னு உங்ககிட்ட சொல்லிட்டாருங்களா?"

"வேண்டாம்னா? யாரு?"

"அவருதான். மூணு வாரமா அந்தப் பேச்சையே எடுக்கல."

"உங்ககிட்ட எடுக்கலையா?" கண்ணாடிக்காரருக்கு ஆச்சரியம். "என்னைத் தூங்கவே விடலையேம்மா. நீங்க குளிக்கப் போனா ஒரு போன், மருந்து வாங்கப் போனா ஒரு போன்."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரே. தினமும் உங்க கையைப் பத்திதான் பேச்சு."

அவளுக்கு விளங்கவில்லை. மகளுக்கும் விளங்கவில்லை. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரர் மட்டும் திரும்பிப் பார்க்காமல் தொண்டையைக் கனைத்தார்.

"நான் வாயைத் திறக்கக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தார் தங்கச்சி," என்றார். "பேப்பரைக் கொண்டு போய்க் கடையில கொடுத்தது நான்தான். நாலு தடவை. அவ கேட்டிருக்கா, வேலை முடியறதுக்கு முன்னாடி பதில் சொல்லக்கூடாதுன்னார்."

"என்ன கேட்டேன்?"

கண்ணாடிக்காரர் எழுந்து, சாப்பாட்டு மேஜையின் மேல் சுருளை விரித்தார். சுருண்டுகொள்ளாமல் நாலு மூலையிலும் டீ டம்ளர்களை வைத்தார்.

ஸ்கேல்காரரின் கைதான். ஆனால் கோடுகள் நடுங்கியிருந்தன. அவர் கோடு நடுங்கி அவள் பார்த்ததே இல்லை. ஒரே கோட்டை இரண்டு மூன்று முறை அழித்துப் போட்டிருந்தார். எட்டடித் தொட்டி ஆறடி ஆகியிருந்தது. இரண்டரையடி ஆழம் ஒன்றரையடி. வலது மூலையில் அந்தக் கட்டம். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள்.

மாற்றம் 9. காரணம்: வீட்டிலிருந்து வந்த கேள்வி.

அவளுக்குச் சட்டென்று கல்யாணமான புதிது ஞாபகம் வந்தது. சமையலறையில் டப்பாவெல்லாம் எங்கே வைப்பது என்று கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். என்னமோ கோபம் என்று இரண்டு நாள் அவளும் பேசவில்லை. மூன்றாம் நாள் அலமாரிக்கு முழு வரைபடம் வந்தது, மேல்தட்டு அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில். அலுவலகத்திலும் அப்படித்தானாம். வேலை நடக்கிற இடத்திலிருந்து கேள்வி வந்தால் வாயால் பதில் சொல்ல மாட்டார், வரைந்துதான் அனுப்புவார். இது தெரிந்தும் எப்படி மறந்தாள்?

"கோவமா இருந்தாரான்னு கேக்கறீங்களா?" என்றார் கண்ணாடிக்காரர், அவள் கேட்காத கேள்விக்கு. "சிரிச்சாரும்மா. 'எட்டு தடவை மாத்தினேன், கதவு இடிக்குதா, உத்தரம் தாங்குமான்னு எல்லாம் பார்த்தேன். யாரு பாத்துக்கறதுன்னு மட்டும் யோசிக்கவே இல்ல பாரு. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஓட்டை விட்டதில்ல. நல்லவேளை, என் வீட்டம்மா புடிச்சிட்டா'ன்னாரு."

அவள் படத்தின் மேல் விரலை வைத்து அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்தாள். தொட்டியின் அடியைத் தொடும் அம்பில், 'இடது கை 58 செ.மீ. எட்டும்.' மூடிகளுக்குப் பக்கத்தில், 'வலது தோள் வலி. எல்லாம் இடது கைக்குத் திறக்க வேண்டும்.' விளிம்பின் உயரத்தை இரண்டடி இறக்கி, 'முக்காலி தேவையில்லை.' கீழே இருந்த பம்பு பக்கவாட்டில் ஏறியிருந்தது, 'குனிய முடியாது.' மீன் பத்தொன்பது என்பதை அடித்து, நான்கு. பவழம் என்ற இடத்தில் இருந்த நீளமான பட்டியலையும் அடித்துவிட்டு, 'ஒருநாள் கவனிக்க மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத வகைகள் மட்டும்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, 'தினசரி வேலை: ஏழு நிமிடம். (பக்கெட்டில் சோதித்தது.)'

"நாற்பது நிமிஷம் ஆயிட்டிருந்தது பழைய கணக்குப்படி," என்றார் கண்ணாடிக்காரர். "ஏழுக்குக் கொண்டுவர அவர் பட்ட பாடு இருக்கே."

"வெயிட்டும் பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு," என்றார் கீழ்வீட்டுக்காரர். "இனிமே நிம்மதியாத் தூங்குன்னார் என்னை." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

தாளின் அடியில் ஒரு கடைசி வரி இருந்தது. எழுத்து மேலும் கீழுமாக ஏறி இறங்கியிருந்தது, படுத்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும். 'இது எதுவும் வேண்டாம் என்றால்: அதே இடத்தில் ஒரு சோபா போடலாம். ஆறடி சோபா. அளவு சரியாக இருக்கும். காலை வெயில் முதுகில் படும்.'

காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கண்ணீரில் நனைந்துவிடப்போகிறது என்று மகள் டம்ளர்களை நகர்த்தித் தாளைப் பின்னால் இழுத்தாள். பிறகு அவளும் தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். தான் வெட்டிக் கொடுத்த கண்ணாடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பவர்போல அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவர் சொன்னார். "நான் கேக்கறதுக்காக வரலைங்க. இது உங்ககிட்ட சேரணும்னுதான். ஒப்புதல்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல நீங்கதான் கையெழுத்துப் போடணும்னு சொல்லியிருக்காரு. மாசம் ஆனாலும் சரி, வருஷம் ஆனாலும் சரி. போடாட்டியும் சரி."

அவள் பார்த்தாள். வரைந்தவர் என்ற கட்டத்தில் அவருடைய சுருக்கக் கையெழுத்து. ஒப்புதல் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. முப்பத்தெட்டு வருஷமும் அந்தக் கட்டத்தில் அவருக்கு மேல் இருந்தவர்கள்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

கண்ணாடிக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். வீடு அமைதியானது. அமைதியானதும் காலையிலிருந்து குறைந்த சத்தம் எதுவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விரைந்து சுவரோரம் போனாள். பெட்டிக்காரர் பிடுங்கிப்போட்ட ஒயர் அப்படியே தரையில் கிடந்தது. மகளைக் குனியச் சொல்லிச் செருகவைத்தாள். பால்கனியில் பம்பு இரண்டு முறை செருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

பக்கெட்டில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. நேற்றும் ஊற்றவில்லை, இன்றும் ஊற்றவில்லை. பாறை மங்கலாகத் தெரிந்தது. குடித்தனக்காரரின் துளை மூடிக் கிடந்தது. தபாலம்மா உள்ளே போய் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்தாள். பக்கெட்டின் உள்சுவரை ஒட்டி ஊற்றினாள், அவர் சொல்லிக்கொடுத்த மாதிரி, பாறை கலங்காமல். பிறகு இடது கைச் சட்டையை மேலே ஏற்றிவிட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டு, மெதுவாகத் துழாவி விட்டாள். விரல் நுனி அடியைத் தொட்டது.

மகள் டார்ச்சோடு வந்து பக்கத்தில் நின்றாள். "என்னம்மா தேடற?"

"வெளிச்சத்தை நேரா அடிக்காதே. கொஞ்சம் தள்ளிப் பிடி."

இருவரும் அப்படியே நின்றார்கள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு துளையின் வாயில் ஏதோ அசைந்தது. முதலில் ஒரு நுனி. அது யோசித்தது. அப்புறம் குஞ்சம் முழுதாக விரிந்தது.

தபாலம்மா குனிந்து கோட்டைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. சொம்பில் மிச்சம் இருந்ததை ஊற்றினாள். தண்ணீர் ஏறிக் கோட்டைத் தொட்டு நின்றது.

"இருக்கு," என்றாள்.